பிரிவு: ஈரான் தந்த ஒரு குடும்பச் சித்திரம்

குடும்பத்திலே பிணக்கு எழுவதற்குப் பகைமையே காரணம் என்று பலரும் எண்ணுவர். கணவன் கொடியவன், அல்லது மனைவி பொறுப்பற்றவள், அல்லது இடையிலே புகுந்த மூன்றாமவர் தீயவர் என்று குற்றத்தை ஒருவர் தலையிலே சுமத்திவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடுகிறது. நாடகங்களும் திரைப்படங்களும் பெரும்பாலும் இந்த எளிய வழியையே நாடுகின்றன. ஆயினும், வாழ்க்கையில் நேரும் பிணக்குகளுள் மிகக் கடினமானவை வேறு வகையைச் சேர்ந்தவை. அங்கே இருவரும் நல்லவர்கள். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்த இரண்டு நியாயங்களும் ஒரே கூரையின் கீழ் ஒருங்கே வாழ முடியாமற் போவதே அங்கு நிகழும் துன்பம்.

2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஈரானியத் திரைப்படம் ஒன்று இத்தகைய துன்பத்தையே தன் பொருளாகக் கொண்டது. பாரசீக மொழியில் அதன் பெயர் ‘ஜுதாயியே நாதெர் அஸ் சிமின்’ என்பதாகும். நாதெர் என்பவன் சிமின் என்பவளைப் பிரிந்த கதை என்பது அதன் பொருள். பிற நாடுகளில் ‘ஒரு பிரிவு’ என்ற சுருக்கமான பெயரால் அது வழங்குகிறது. அதனை எழுதி, இயக்கி, தயாரித்தவர் அஸ்கர் பர்ஹாதி. 1972ஆம் ஆண்டில் பிறந்த இவர் தெஹ்ரானில் நாடகக் கலை பயின்றவர். திரைப்படத்துறைக்கு வருமுன் வானொலி நாடகங்கள் எழுதிப் பழகியவர். பாத்திரங்களின் பேச்சைக் கொண்டே ஒரு வீட்டின் உள்ளும் புறமும் காட்டிவிடும் இவருடைய ஆற்றலுக்கு அந்தப் பழக்கமும் துணை புரிந்திருக்கும் எனலாம்.

படம் தெஹ்ரான் நகரத்துக் குடும்ப நீதிமன்றம் ஒன்றிலே தொடங்குகிறது. கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். நீதிபதியின் குரல் மட்டும் கேட்கிறது. அவர் முகம் தெரியவில்லை. படப்பிடிப்புக் கருவி நீதிபதியின் இருக்கையிலே வைக்கப்பட்டிருப்பதால், அவ்விருவரும் படம் பார்ப்போரை நோக்கியே தங்கள் வழக்கைச் சொல்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு முதற் காட்சியிலேயே பார்ப்போரிடம் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது.

வழக்கு இதுதான். பதினொரு வயதை எட்டும் மகள் தெர்மேயை நல்ல சூழலில் வளர்ப்பதற்காக நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது சிமினின் விருப்பம். நெடுநாள் முயன்று பெற்ற அனுமதி இன்னும் 40 நாட்களில் காலாவதியாகிவிடும். முன்பு இதற்கு உடன்பட்டிருந்த நாதெர் இப்பொழுது வர மறுக்கிறான். மறதி நோயுற்ற தன் தந்தையை விட்டுவிட்டு வர இயலாது என்பது அவன் சொல்லும் காரணம். தான் யாருடைய தந்தை என்பதையே அறியாத நிலைக்கு அவர் வந்துவிட்டாரே என்று சிமின் வாதிடுகிறாள். அவர் தன்னை அறியாவிட்டாலும், அவர் தன் தந்தை என்பதைத் தான் அறிந்திருப்பதாக நாதெர் மறுமொழி கூறுகிறான். கணவன் அடித்தானா, குடிக்கிறானா, செலவுக்குக் கொடுப்பதில்லையா என்று சட்டம் கேட்கும் கேள்விகள் எதற்கும் சிமினிடம் ‘ஆம்’ என்ற பதில் இல்லை. அவன் நல்லவன் என்றே அவளும் கூறுகிறாள். ஆகவே, இது சிறிய பிரச்சினை என்று கூறி நீதிபதி இருவரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

அது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை விளங்கிக்கொள்வதற்கு அம்முதியவரைப் பற்றியுள்ள நோயைச் சிறிது அறிதல் வேண்டும். முதுமையிலே மறதி வருவது இயல்பு. மூக்குக் கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது அவ்வகை மறதி. அல்சைமர் நோய் அத்தகையது அன்று. ஜெர்மனிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் இந்நோயை முதன்முதலாக விளக்கினார்; 1910ஆம் ஆண்டில் வெளிவந்த மருத்துவ நூல் ஒன்றிலே அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. மூளையின் உயிரணுக்கள் படிப்படியாக அழிவதே இந்நோயின் இயல்பு. பெரும்பாலும் அண்மையில் நடந்தவை முதலில் மறந்துபோகும். பின்னர் வழியும், நாளும், பெயர்களும் மறையும். முடிவிலே உண்பதற்கும், உடுப்பதற்கும், உடற்கழிவுகளை அடக்குவதற்கும் பிறர் உதவி வேண்டியதாகும். இதனை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. எனவே, பராமரிப்பே இந்நோய்க்குரிய பெரிய மருந்தாக நிற்கிறது. அந்த மருந்தை நாள்தோறும், இரவும் பகலும், எவரேனும் ஒருவர் தம் கையாலேயே கொடுத்தாக வேண்டும்.

நாதெரின் வீட்டில் அந்தக் கை யாருடையது? இதுவே படம் எழுப்பும் முதன்மையான வினா. பிரிந்து செல்வதற்காகச் சிமின் பெட்டியுடன் புறப்படும் வேளையிலே முதியவர் அவள் கையைப் பற்றிக்கொள்கிறார், விட மறுக்கிறார். மகன் யாரென்பதை மறந்தவருக்கு மருமகளின் கை மறக்கவில்லை. அவள் அந்த வீட்டிலே எத்தனை காலம் எவ்வளவு பணி செய்திருக்க வேண்டும் என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. பற்றிய கை ஒன்றே அதைச் சொல்லிவிடுகிறது. தந்தையை விட்டு வர இயலாது என்று நீதிமன்றத்தில் உரைத்தவன் மகன். ஆனால், அவன் காலையில் வங்கிக்கு வேலைக்குச் சென்றால் மாலையிலேதான் திரும்புவான். கடமையைத் தன்னுடையது என்று கூறியவன் ஒருவன். அக்கடமையின் பெரும் பகுதியைப் பகற்பொழுதில் சுமந்தவள் மற்றொருத்தி. சிமின் நீங்கியவுடன் வெற்றிடம் வெளிப்படுகிறது. அதை நிரப்பக் கூலிக்கு ஓர் ஆள் தேடப்படுகிறது.

அவ்வாறு வருபவள் ரஸியே. நகரின் ஒதுக்குப்புறத்திலிருந்து நெடுந்தூரம் பயணஞ்செய்து, சிறுமியான தன் மகளையும் உடன் அழைத்துக்கொண்டு வருகிறாள். அவள் கருவுற்றிருக்கிறாள். கணவன் ஹொஜ்ஜத் வேலையை இழந்து கடன்காரர்களால் துன்புறுகிறான். பிறர் வீட்டில் வேலைக்குச் செல்வதை அவள் கணவனுக்குச் சொல்லவில்லை. முதல் நாளிலேயே முதியவர் தம் உடையை நனைத்துவிடுகிறார். அவரைத் தூய்மைப்படுத்த வேண்டும். ஆனால், மார்க்கப் பற்று மிகுந்த பெண் ஒருத்தி அந்நிய ஆடவர் ஒருவரின் உடலைத் தீண்டலாமா? அவள் தொலைபேசியிலே மார்க்க விளக்கம் கூறுவோரை அழைத்து, இது பாவமாகுமா என்று கேட்கிறாள். உதவ வேறு எவரும் இல்லாத நிலையில் அது குற்றமாகாது என்ற விடை கிடைக்கிறது. தந்தையிடம் இதைச் சொல்லமாட்டேன் என்று சிறுமி தாய்க்கு ஆறுதல் கூறுகிறாள். இக்காட்சியைப் பார்க்கும் எவரும் ரஸியேயின் தயக்கத்தை நகைக்க முடியாது. வறுமை ஒரு பக்கமும் நம்பிக்கை ஒரு பக்கமும் இழுக்க, நடுவிலே முதியவர் ஒருவர் நனைந்த உடையுடன் நிற்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் எல்லாரும் வெளியே இருக்கிறார்கள்.

மற்றொரு நாள் முதியவர் எவரும் அறியாமல் வீட்டை விட்டு வெளியேறிவிடுகிறார். நாளிதழ் வாங்கச் செல்வது அவருடைய பழைய வழக்கம். நினைவு அழிந்த பின்னும் பழைய வழக்கம் காலிலே தங்கியிருப்பது இந்நோயில் காணப்படும் இயல்பே. வாகனங்கள் விரையும் தெருவின் மறுகரையிலே அவர் நிற்க, இக்கரையிலே ரஸியே தவிக்கிறாள். அந்த இடத்திலே காட்சி வெட்டப்பட்டு, மாலை வீட்டுக் காட்சி வந்துவிடுகிறது. இடையிலே நடந்தது என்ன என்பது படத்தின் இறுதிப் பகுதி வரையில் வெளிப்படுவதில்லை. பார்ப்போரும் அதைக் கேட்பதில்லை. முதியவர் நலமாக வீடு திரும்பினார் என்பதோடு அவர்கள் மனநிறைவு அடைந்துவிடுகிறார்கள். அவரைத் தேடி ஓடியவளுக்கு என்ன நேர்ந்தது என்று எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. படத்தை எழுதியவர் பார்ப்போரின் மனச்சாட்சியையே சோதித்துப் பார்க்கும் இடம் இது.

அடுத்த நாள் நாதெரும் மகளும் வீடு திரும்புகையில் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே முதியவர் கட்டிலோடு கை பிணைக்கப்பட்டு, தரையிலே வீழ்ந்து கிடக்கிறார். ரஸியேயைக் காணவில்லை. சிறிது நேரத்தில் அவள் திரும்பி வருகிறாள். தந்தை இறந்தாரோ என்று அஞ்சி நடுங்கிய மகன் சினத்தால் நிதானம் இழக்கிறான். அதனோடு பெட்டியிலிருந்த பணத்தைக் காணவில்லை என்று கூறி, அவள் மீது திருட்டுக் குற்றமும் சாட்டுகிறான். அந்தப் பணத்தை உண்மையில் எடுத்தவள் சிமின். வீட்டிலிருந்து பியானோவைச் சுமந்து சென்ற கூலியாட்களுக்கு அதைக் கொடுத்திருந்தாள். இதை அறியாத நாதெர் ரஸியேயைக் கதவுக்கு வெளியே தள்ளுகிறான். அன்று இரவு அவள் மருத்துவமனையில் கிடக்கிறாள். கரு சிதைந்துவிட்டது.

இங்கிருந்து கதை நீதிமன்றத்திற்கு மாறுகிறது. ஈரானியச் சட்டப்படி, உயிர் கொண்டதாகக் கருதப்படும் காலத்தைக் கடந்த கருவை அழிப்பது ஒரு மனித உயிரைப் போக்கியதற்கு ஒப்பாகும். எனவே, நாதெர் மீது கொலைக் குற்றம் சாட்டப்படுகிறது. அவள் கருவுற்றிருந்ததை அவன் அறிந்திருந்தானா என்பதிலேயே வழக்கு தங்கியிருக்கிறது. அறியவில்லை என்று அவன் கூறுகிறான். அது பொய். மகள் தெர்மே கண்டுபிடித்துக் கேட்கும்போது அவன் உண்மையை ஒப்புக்கொள்கிறான். அறிந்திருந்தேன், ஆயினும், தள்ளிய அந்த நொடியில் அந்த நினைவு என் மனத்தில் இல்லை என்பது அவன் தரும் விளக்கம். சட்டத்துக்கோ இந்த வேறுபாடு தெரியாது. அதற்கு அறிந்தாய், அல்லது அறியவில்லை என்ற இரண்டே நிலைகள்தாம் உண்டு.

முன்னர் ஒரு காட்சியில் இதே நாதெர் தன் மகளுக்குச் சொற்பாடம் சொல்லிக் கொடுக்கிறான். ஒரு சொல்லுக்கு ஆசிரியை கூறிய விளக்கம் பிழையானது என்று கண்டபோது, எவர் சொன்னாலும் பிழை பிழையே என்று வற்புறுத்துகிறான். மதிப்பெண் குறைந்தாலும் சரியான விடையையே எழுத வேண்டும் என்பது அவன் கொள்கை. அவ்வளவு நேர்மையானவனுக்கும் சிறை செல்ல நேர்ந்தால் தந்தையை யார் பார்ப்பது, மகளை யார் பார்ப்பது என்ற அச்சம் வந்தபோது நா புரண்டுவிடுகிறது. பின்னர் நீதிபதி தெர்மேயை விசாரிக்கும்போது, தந்தையைக் காப்பதற்காக அவளும் பொய் உரைக்கிறாள். வண்டியில் வீடு திரும்பும் வழியிலே ஓசையின்றிக் கண்ணீர் வடிக்கிறாள். ஒரு குழந்தை தன் தந்தையின் பொருட்டுக் கொடுத்த விலை அது.

தந்தையிடத்தில் நாதெருக்குள்ள அன்பு போலியானது அன்று. குளியலறையிலே முதியவரின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அம்முதுகின் மீதே சாய்ந்து அவன் விம்மி அழும் காட்சி இப்படத்தின் உயிர்நிலையாகும். அழுவது தெரிந்தாலும் தேற்ற அவருக்கு நினைவில்லை. பின்னர் ஒரு நாள், தந்தையின் உடலிலுள்ள காயங்களைச் சான்றாகக் காட்டவேண்டி, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறான். சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியவன் நிறுத்திக்கொள்கிறான்; மீண்டும் பூட்டிவிடுகிறான். தன் வழக்கை வெல்வதற்காகத் தந்தையின் மானத்தைக் கருவியாக்க அவன் மனம் இடந்தரவில்லை. பொய் சொன்னவனும் இவனே, இதைச் செய்தவனும் இவனே. மனிதரை நல்லவர், தீயவர் என இரண்டு கூடைகளில் பிரித்துப் போட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

சிமினின் முயற்சியால் இரு குடும்பத்தாரும் நட்டஈட்டுப் பணம் பேசி உடன்பாட்டிற்கு வருகிறார்கள். கடன்பட்ட ஹொஜ்ஜத்தின் வீட்டுக்கு அந்தப் பணமே மீட்சி. அப்பொழுதுதான் மறைந்திருந்த செய்தி வெளிவருகிறது. தெருவிலே முதியவரைக் காக்க ஓடிய அன்று ரஸியேயே வண்டியில் அடிபட்டிருக்கிறாள். கரு சிதைந்தது அதனாலா, நாதெர் தள்ளியதனாலா என்பது அவளுக்கே தெளிவில்லை. முதியவரைக் கட்டிவைத்துவிட்டுச் சென்றதும் மருத்துவரிடம் தன்னைக் காட்டுவதற்காகவே. பணத்தைக் கொடுக்க வந்த நாதெர், தன் செயலாலேயே கரு சிதைந்தது என்று குர்ஆன் மீது ஆணையிட்டுக் கூறும்படி அவளைக் கேட்கிறான். கணவன் கெஞ்சுகிறான், கடன்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஐயத்தோடு ஆணையிட்டால் அத்தீங்கு தன் மகளைச் சேரும் என்று அஞ்சி, அவள் மறுத்துவிடுகிறாள். கற்றவர்கள் பொய் சொல்லித் தப்பிய கதையிலே, இழப்பதற்கு மிகுதியாக உடையவளான இவ்வேழைப் பெண் உண்மையின் பக்கம் நிற்கிறாள். அதன் பலன் அவளுக்கு வறுமையே.

இறுதிக் காட்சி மீண்டும் குடும்ப நீதிமன்றம். நாதெரும் சிமினும் தெர்மேயும் கறுப்பு உடை அணிந்திருக்கிறார்கள். முதியவர் இறந்துவிட்டார் போலும். படம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எவர் பொருட்டு இல்லறம் பிளந்ததோ அவர் மறைந்த பின்னும் பிளவு மறையவில்லை. தாயோடு இருக்க விருப்பமா, தந்தையோடு இருக்க விருப்பமா என்று நீதிபதி கேட்கிறார். முடிவு செய்துவிட்டதாகத் தெர்மே கூறுகிறாள். ஆனால், பெற்றோர் முன்னிலையில் அதைச் சொல்ல விரும்பவில்லை. இருவரும் வெளியே சென்று நடைகூடத்தில் காத்திருக்கிறார்கள். இடையிலே ஒரு கண்ணாடித் தடுப்பு. ஒருவரை ஒருவர் காண முடியும், அணுக முடியாது. மகளின் விடையைச் சொல்லாமலே படம் முடிகிறது.

இப்படத்தில் கண்ணுக்கு விருந்தாகும் காட்சிகளோ, பாட்டுகளோ இல்லை. கதை நிகழும்போது பின்னணி இசையும் இல்லை. முடிவிலே பெயர்கள் வரும்போதுதான் இசை ஒலிக்கிறது. நடிகர்கள் நடிப்பதாகவே தோன்றுவதில்லை. சிமினாக லெய்லா ஹாத்தமியும், நாதெராகப் பெய்மான் மொஆதியும், ரஸியேயாக ஸாரே பயாத்தும், ஹொஜ்ஜத்தாக ஷஹாப் ஹொஸெய்னியும் தோன்றுகின்றனர். தெர்மேயாக வருபவர் இயக்குநரின் மகள் ஸரினா பர்ஹாதி. பெரும்பாலும் பேச்சே இல்லாத முதியவராக அலி அஸ்கர் ஷஹ்பாஸி நடித்துள்ளார். பேர்லின் திரைப்பட விழா 2011ஆம் ஆண்டில் இதற்குத் தங்கக் கரடி விருதை வழங்கியதோடு, நடிகர் குழுவினருக்கும் நடிகையர் குழுவினருக்கும் வெள்ளிக் கரடி விருதுகளை அளித்தது. 2012ஆம் ஆண்டில் பிறமொழிப் படத்துக்குரிய ஒஸ்கார் விருதும் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதலாவது ஈரானியப் படம் இதுவே.

ஓர் ஈரானியக் குடும்பத்தின் கதையைப் பல நாட்டாரும் தம் வீட்டுக் கதையாகக் கண்டமைக்குக் காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோய்களால் பீடிக்கப்பட்டிருந்தனர் என்றும், அவற்றுள் 60 முதல் 70 விழுக்காடு அல்சைமர் நோய் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்நோயாளருக்காகச் செலவிடப்படும் பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே தருகின்றனர் என்பதும் அந்நிறுவனம் காட்டும் கணக்கே. அவ்வெண்களுக்குப் பின்னால் எத்தனை சிமின்களும் ரஸியேகளும் உளர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

முதியோரைப் போற்றுதல் கடமை என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், அக்கடமையை வாயால் ஏற்பது ஒன்று. நாள்தோறும் கையால் ஆற்றுவது மற்றொன்று. ஏற்றவர் ஒருவராகவும் ஆற்றுபவர் வேறொருவராகவும் இருக்கும் வீட்டிலே, அன்பும் நேர்மையும் இருந்துங்கூட அமைதி நிலைப்பதில்லை. பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளாத குடும்பம் அதைத் தன்னிலும் எளியவர் தலையிலே இறக்கிவிடுகிறது; அவர் தடுமாறும்போது அவரையே குற்றவாளி ஆக்கிவிடுகிறது. நாதெர் கட்டவிழ்த்த கயிற்றைக் கட்டியவள் ரஸியே என்பது உண்மை. அவளை அந்த அறையில் தனியே விட்டுச் சென்றவர்கள் யார் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. பார்ப்போரின் மனத்தில் அதற்கு இடமுண்டு.

நீதிபதியின் இருக்கையில் தொடக்கத்திலேயே அமர்த்தப்பட்ட பார்ப்போர், படம் முடியும்போது எவருக்கும் தண்டனை விதிக்க இயலாதவராய் எழுகின்றனர். வீட்டுக்குத் திரும்பியதும், அங்குள்ள முதியவரை இன்று யார் குளிப்பாட்டினார், அவருக்கு யார் உணவூட்டினார் என்று ஒருமுறை வினவுவாராயின், அதுவே இப்படத்தின் பயன்.